பெடல் போய் நிற்கும் இடம்

6

"துரு! பதினாலு வருஷம் கொட்டகையில கிடந்த வண்டி. துரு இல்லாம வேற என்ன இருக்க முடியும்—"

"கிளட்ச் பிளேட்டைத்தான் புதுசா மாத்திட்டீங்களே சார். புது பிளேட்டுல துரு எங்கேர்ந்து—"

"என்னைப் பேச விடுங்க—"

"நீங்க பேசுங்க. நானும் பேசறேன்—"

"மிஸ்டர் பெர்னார்ட், இது என்னோட வண்டி!"

"வண்டி உங்களுது சார். பழி என்னுது."

அதோடு சிரிலும் பெர்னார்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரிச்மண்ட் டவுனில் சிரிலின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டகையில், தகரக் கூரைமேல் காக்கை ஒன்று நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ், தோலைக் கீழே போடக்கூட பயந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சண்டை முடிஞ்சுதா, இல்ல இது இடைவேளையா?" என்றான். "இடைவேளைன்னா சொல்லுங்க, போய் சோடா குடிச்சுட்டு வரேன்."

"கிளாரன்ஸ்," என்றார் சுந்தரேசன். அந்த ஒரு சொல்லுக்கு வாயை மூடு என்று அர்த்தம். கிளாரன்ஸ் மூடினான். கடலைக்காக மட்டும் திறந்தான்.

சுந்தரேசன் துப்பறியத் தொடங்குவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்து வண்டிகளைப் பார்த்துச் சேதம் மதிப்பிட்டுக்கொண்டிருந்தவர். உடைந்த கார் எத்தனையோ பார்த்தவர். ஓடுகிற காரை மட்டும் ஓட்டத் தெரியாது. எங்கே போனாலும் உதவியாள் கிளாரன்ஸின் மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய சைட் காரில், மடியில் குடையை வைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்து போவார். இன்றைக்கும் அப்படித்தான் வந்து இறங்கினார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, பாசிப்பச்சை நிறப் பந்தயக் கார். யுத்தத்துக்கு முந்திய மாடல். முன்பக்க இடது மட்கார்டில் தட்டி நிமிர்த்திய அடையாளம் இன்னும் இருந்தது. அந்த அடையாளத்தைப் பெர்னார்ட் ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை என்பதைக் கிளாரன்ஸ் கவனித்தான்.

அந்த அடையாளம் விழுந்தது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம். மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த சீனிவாசராகவனின் ஒரே பிள்ளை தேசிகன். இந்தக் கார் அவனுடையது. கண்டோன்மென்ட் முழுக்க அன்றைக்கு ஒரே பேச்சு, கிளட்ச் என்றால் பெர்னார்ட். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெர்னார்ட் புது பிளேட் போட்டு, அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்த்து, வண்டியை மல்லேஸ்வரம் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஞாயிறு விடியற்காலை தேசிகன் சிநேகிதர்களோடு நந்தி மலைக்குப் போனான். மலைமேல் டீ குடிக்கிறபோது, "கிளட்ச் முழுசா விட மாட்டேங்கறது. பெர்னார்ட் புதுசா போட்டிருக்கான், போகப் போகச் சரியாயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். இறக்கத்தில் வண்டியை மூன்றாவது கியரிலிருந்து எடுத்தான். கிளட்ச் எஞ்சினை முழுசாகப் பிரித்து விடாததால் இரண்டாவது கியர் விழவில்லை. எடுத்ததைத் திரும்பப் போடவும் முடியவில்லை. எந்தக் கியரிலும் இல்லாத வண்டி மலையில் இறங்கினால் என்ன ஆகும்? வெறும் பிரேக்கை நம்பி இரண்டு வளைவு தாண்டினான். மூன்றாவது வளைவில் பாறை.

மலைமேல் சிரித்துச் சொன்ன அந்த வாக்கியத்தைச் சிநேகிதர்கள் விசாரணையில் அப்படியே சொன்னார்கள். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பெர்னார்டை ஜெயிலில் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு நாள் வெளியே வந்திருப்பார். "பெர்னார்ட் கை வெச்ச வண்டியா?" என்று ஊர் ஒரே ஒரு கேள்வி கேட்டது, பட்டறை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அல்சூர் மார்க்கெட் தெருவில் அடுப்பு ரிப்பேர். பித்தளை ஸ்டவ், பர்னர் துளையில் பின் குத்தி அடைப்பு எடுப்பது, வாஷர் மாற்றுவது.

போன வருஷம் சீனிவாசராகவன் காலமானார். அவர் மனைவி ராஜலக்ஷ்மி அம்மாள் காரைக் கொட்டகையோடு மறந்துவிடப் பார்த்து, முடியாமல், காப்பித் தோட்டக்காரரான சிரிலுக்கு விற்றாள். சிரிலுக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். அவருடைய ஓவராலுக்கு இஸ்திரி போட்டிருந்தது. எஞ்சினில் எல்லாவற்றையும் புதுசு பண்ணிவிட்டார், கிளட்ச் மட்டும் விடமாட்டேன் என்கிறது. இந்தச் செய்தி எப்படியோ அடுப்புக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பெர்னார்ட் முதல் நாள் ஆபீசுக்கு வந்து சொன்னதைக் கிளாரன்ஸ் மறக்கவில்லை. "என் பேரைக் காப்பாத்துங்கன்னு கேக்க வரல சார். பேரு போயிடுச்சு. அந்தப் பிள்ளையக் கொன்னது என் கையா இல்லையா, அது எனக்கே தெரியல. தப்பு என்னுதுன்னா என்னுதுன்னு சொல்லுங்க, தாங்கிக்கறேன். தெரியாமயே செத்துடக் கூடாது."

"சரி," என்றார் சுந்தரேசன் இப்போது. "சிரில், இதுவரைக்கும் நீங்க என்னென்ன பண்ணினீங்க? சுருக்கமா."

"பிளேட் மாத்தினேன். ரிலீஸ் பேரிங் தேஞ்சிருந்தது, அதையும் மாத்தினேன். பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில இருக்கற கம்பியை நீளம் கூட்டினேன், குறைச்சேன். என்ன பண்ணினாலும் பெடலை அமுக்கினா கிளட்ச் முக்கால்வாசிதான் விடுது. கியர் போட்டா பல்லு உதிர்ற மாதிரி சத்தம்."

"எப்பவுமேவா?"

"அதான் வேடிக்கை. இங்கே கொட்டகையில வேலை பண்ணி முடிச்சதும் பார்ப்பேன், அருமையா விடும். வெண்ணெய்! எல்லாத்தையும் பூட்டி ரோட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். பழைய குருடி."

"நானும் அதத்தான் சொன்னேன் சார், அன்னிக்கே," என்றார் பெர்னார்ட் மெதுவாக. "ஏரியைச் சுத்தி ஓட்டினேன். நாலு கியரும் பூ மாதிரி விழுந்துச்சு. நம்பறதுக்கு ஆளில்ல. அப்புறம் எனக்கே சந்தேகம். நெஜமாவே விழுந்துச்சா, இல்ல விழுந்த மாதிரி நானா நெனச்சுக்கறேனான்னு."

"வண்டிக்கு வெக்கம் சார்," என்றான் கிளாரன்ஸ். "பலகை கிலகை எல்லாம் கழட்டிப் போட்டா சொன்னபடி கேக்குது. உடுத்தி விட்டா முறுக்கிக்குது. எங்க சித்தி மகன் ஒண்ணரை வயசுல அப்படித்தான் இருந்தான்."

சிரில் முறைத்தார். பெர்னார்ட் சிரிக்கவில்லை. சுந்தரேசன் மட்டும் திரும்பி, கிளாரன்ஸை ஏதோ பிரைஸ் வாங்கின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"திரும்பச் சொல்லு."

"எதை? சித்தி மகனையா?"

"பலகையை."

கிளாரன்ஸ் கடலையை விழுங்கினான். "பலகை எடுத்தா விடுது சார். பலகை போட்டா பிடிச்சுக்குது."

"மரப்பலகை எப்படிக் கிளட்சைப் பிடிக்கும் மிஸ்டர்?" என்றார் சிரில். "அது கால் வெக்கற இடம். கிளட்ச் அந்தப் பக்கம் இரும்புக்குள்ள இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை."

"சம்பந்தம் இல்லைன்னுதான் நீங்களும் பார்க்கல, மத்தவங்களும் பார்க்கல. கிளட்சில கோளாறுன்னா எல்லாரும் பலகையைக் கழட்டி ஓரமா வெச்சுட்டுக் கிளட்சைப் பாக்கறீங்க. ஓரமா வெச்சதை யார் பார்க்கறா? அந்தப் பலகை பழசா, புதுசா?"

"பழசு. கார்ப்பெட்கூடப் பழசுதான்!" சிரிலுக்குக் குரலில் பெருமை வந்தது. "தூசி தட்டி, அப்படியே ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். ஒரு நூல் மாத்தல. வண்டி பிறந்தப்போ எப்படி இருந்ததோ அப்படி."

"பூட்டுங்க," என்றார் சுந்தரேசன்.

பெர்னார்டுக்குத்தான் முதலில் கை பரபரத்தது. குனிந்து பலகையைத் தொடப் போனவர், தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சிரிலே பூட்டினார். தரைப் பலகை ஒன்று. அதற்கு முன்னால், எஞ்சின் பக்கமாகச் சாய்ந்து ஏறும் சாய்வுப் பலகை ஒன்று. அதன்மேல் தடித்த கார்ப்பெட், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. பெடல்கள் அந்தச் சாய்வுப் பலகையைப் பார்த்தபடி நின்றன.

சுந்தரேசன் சுவரோரம் கிடந்த ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, கிளட்ச் பெடலின் முதுகில், கால் படாத அந்தப் பக்கத்தில், வெள்ளையாகத் தேய்த்தார்.

"ஏறி உட்காரு கிளாரன்ஸ். பெடலை அமுக்கு. உன்னால முடிஞ்ச மட்டும்."

கிளாரன்ஸ் அமுக்கினான். பெடல் போய் எதிலோ முட்டி நின்றது.

"அவ்வளவுதானா?"

"இதுக்கு மேல அமுக்கினா நான் ரிச்மண்ட் ரோட்டுல போய் விழுவேன் சார்."

"விடு. இறங்கு."

சாய்வுப் பலகையின் கார்ப்பெட்மேல் வெள்ளையாக ஒரு அடையாளம் விழுந்திருந்தது. பெடலின் முதுகு முழுக்க விழவில்லை. நடுவில் மட்டும், வட்டமாக, பொட்டு மாதிரி.

"சமமான பலகைமேல மோதியிருந்தா பெடல் அளவுக்கு முழுசா பதிஞ்சிருக்கணும்," என்றார் சுந்தரேசன். "இது ஏன் வட்டமா இருக்கு? சிரில், விரலை வெச்சு அழுத்திப் பாருங்க."

சிரில் அழுத்தினார். முகம் மாறியது. "உள்ளே ஏதோ... கெட்டியா..."

சாய்வுப் பலகையை மட்டும் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கார்ப்பெட்டின் ஓரம் முழுக்க மிஷின் தையல், கோடு போட்ட மாதிரி. இடது ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கைத்தையல். நெருக்கமான, பொறுமையான, சின்னச் சின்னத் தையல்.

"இது பட்டு நூல் சார்," என்றான் கிளாரன்ஸ். "எங்க அம்மா கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல புடவைக்கு ஓரம் அடிச்சுத்தான் என்னை வளர்த்தாங்க. இது கார்ப்பெட் தைக்கற ஆளோட கை இல்ல. பொம்பள கை."

சுந்தரேசன் பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார். பஞ்சுக்குள் இரண்டு விரலை விட்டு, மெல்ல வெளியே இழுத்தார்.

மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. வருஷக்கணக்கில் நிறம் மங்கி, மடிப்புகளில் மட்டும் மஞ்சளின் அசல் நிறம் தங்கியிருந்தது. உள்ளே ஒரு காசு. பிரிக்காமலே தெரிந்தது, பழைய வெள்ளி ரூபாய். முடிச்சோடு சேர்த்து ஒரு அங்குலத் தடிமன்.

"ஒரு அங்குலம்," என்றார் சிரில், தனக்குத்தானே. "கிளட்ச் முழுசா விடறதுக்கு அந்தக் கடைசி ஒரு அங்குலம்தான் வேணும்."

பெர்னார்ட் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். நகக்கண்களில் அடுப்புக் கரி.

"அப்போ... இது இல்லையா சார்?" என்றார். "இந்தக் கை இல்லையா?"

"இல்லை பெர்னார்ட். நீங்க பண்ணின கிளட்ச் நல்ல கிளட்ச். நாலு கியரும் விழுந்தது நிஜம்."

கிளாரன்ஸுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கேஸ் முடிந்தது! பாய்ந்து முன்னால் வந்தான். "சார், அப்போ இது கொலை! யாரோ திட்டம் போட்டு, ராத்திரியோட ராத்திரியா கட்டையை உள்ளே சொருகியிருக்கான். மஞ்சத்துணி, சாமி காசுன்னு வேஷம். ஏன் சொல்றேன்னா, சாமிக்கு முடிஞ்ச காசை எந்த இந்து வீட்டுலயாவது காலடியில வெப்பாங்களா? எங்க தெருவுல பக்கத்து வீட்டு மாமி கால் தவறிப் பட்டாலே பத்துத் தரம் கன்னத்துல போட்டுக்குவாங்க!"

"வெக்க மாட்டாங்க," என்றார் சுந்தரேசன். "அதனாலதான் இங்க வெச்சிருக்காங்க."

"புரியல சார்."

"கால் வெக்கற இடம் கீழே, தரைப் பலகை. அங்க வெக்கல. சீட்டுக்கடியில வெக்கல. பெடலுக்கு அந்தப் பக்கம், இங்கேர்ந்து ஒரு சாண் தள்ளி. பெடல் சும்மா நிக்கறப்போ பாரு, காலே போகாத இடம். நடுவில பெடல் காவல் மாதிரி நிக்குது. இதை வெச்சவங்க ரொம்ப யோசிச்சு, கால் படாத இடமாத் தேடி வெச்சிருக்காங்க. பக்தி உள்ளவங்க. ஆனா ஒரு நாளும் கார் ஓட்டினதில்லை. பெடல் நிக்கற இடம் அவங்களுக்குத் தெரியும். அமுக்கினா போய் நிக்கற இடம் தெரியாது."

அவர் சொல்லச் சொல்ல, கிளாரன்ஸ் முகத்திலிருந்து கொலைகாரன் மெல்ல இறங்கிப் போனான். அவன் இடத்தில் வேறு ஒருவர் வந்து நின்றார். கிளாரன்ஸ் அவரைப் பார்க்க விரும்பவில்லை.

பெர்னார்ட் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

"அந்த ஓரம் நான் பிரிச்சது சார்," என்றார். "பலகை கழட்டறப்போ தையல் விட்டுப் போச்சு. வண்டியை விட்டுட்டு வரப்போ அந்த அம்மாதான் வாசல்ல நின்னாங்க. 'கார்ப்பெட் ஓரம் பிரிஞ்சிருக்கும்மா, திங்கக்கிழமை வந்து தைச்சுத் தரேன்'னு சொல்லிட்டு வந்தேன். அவங்களுக்கு நான்தான் இடத்தைக் காட்டினேன்."

சிரில் தொப்பியைக் கழற்றினார். எதற்கு என்று தெரியாமல் திரும்ப வைத்துக்கொண்டார். "இதைப் பத்திரிகையில போடணும். மிஸ்டர் பெர்னார்ட் நிரபராதின்னு நானே எழுதறேன்."

"வேணாம் சார்."

"ஏன்? பதினாலு வருஷம்—"

"எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நான் கேட்டது அவ்ளோதான்." பெர்னார்ட் எழுந்து, முடிச்சுக்காகக் கையை நீட்டினார். "காசு அவங்களுது. சாமிக்குன்னு எடுத்து வெச்சது. நாம வெச்சுக்கறது தப்பு. கொடுத்துட்டு வந்துடலாம். சீட்டுக்கடியில கிடந்துச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"நான் பொய் சொல்றதில்லை பெர்னார்ட்."

"ஒண்ணே ஒண்ணு சார். எனக்காக."

சுந்தரேசன் குடையை எடுத்து, விரித்து, கொட்டகைக்குள் வெயில் இல்லை என்பது நினைவு வந்து மடித்தார். அவர் அப்படித் தடுமாறிக் கிளாரன்ஸ் பார்த்ததில்லை.

சைட் காரில் சுந்தரேசன், பின் சீட்டில் பெர்னார்ட். மல்லேஸ்வரத்துக்குப் புறப்பட்டார்கள். சம்பிகே ரோடு திரும்பும்போது ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். மற்ற நாளாக இருந்தால் அவன் பரம்பரைக்கே கன்னடத்திலும் உருதுவிலும் அர்ச்சனை நடந்திருக்கும். கிளாரன்ஸ் கிளட்சை அமுக்கி, வண்டியை நிறுத்தி, அவனைப் போகவிட்டான். கிளட்ச் முழுசாக விட்டது. கைப்பிடியை அழுத்திய விரல்களையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜலக்ஷ்மி அம்மாள் முன் அறையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, நார்மடிப் புடவை. சுவரில் பையன் படம். காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிச் சிரிக்கிறான்.

"வாங்கோ," என்றாள் சுந்தரேசனைப் பார்த்து. அவர் பின்னால் நிழலில் நின்ற பெர்னார்டைப் பார்த்ததும் நார் கையில் நின்றது. "இவனை எதுக்கு அழைச்சுண்டு வந்தேள்?"

"நான் வெளியே நிக்கறேம்மா," என்றார் பெர்னார்ட்.

"நில்லு."

அது போ என்பதா, இரு என்பதா என்று தெரியாமல் பெர்னார்ட் வாசற்படியிலேயே நின்றார்.

"சிரில் வண்டியைச் சுத்தம் பண்ணறப்போ ஒரு பொருள் கிடைச்சுது," என்றார் சுந்தரேசன். "உங்களுடையதா இருக்கலாம்னு கொண்டுவந்தோம்." மஞ்சள் முடிச்சைப் பூத்தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த ஒரு மனுஷரிடம் பேசுகிற குரலில், "இருக்கா இது?" என்றாள். "நான் போயிடுத்துன்னு நினைச்சேன். பெருமாள் ஏத்துக்கலை, அதான் அன்னிக்கே அவர் தூக்கி எறிஞ்சுட்டார்னு."

"வேண்டுதலாம்மா?"

"பின்னே? மலைக்குப் போகாதேடான்னேன். கேக்கலை. ஸ்டியரிங்ல ரட்சைக் கயிறு கட்டினேன், அறுத்துப் போட்டான். எலுமிச்சம்பழம் வெச்சேன், ஜூஸ் பிழிஞ்சு குடிச்சுட்டு, 'அம்மா, சாமி பிரசாதம் புளிச்சுது'ன்னான்." உதடு லேசாகச் சிரித்தது, கண் சேர்ந்து சிரிக்கவில்லை. "அதான் அவன் கண்ணுல படாம வெச்சேன். பத்திரமாத் திரும்பி வந்தா, அவனையும் அழைச்சுண்டு திருமலைக்கு நடந்தே வரேன்னு. எங்க இருந்தது இது?"

சுந்தரேசன் ஒரு விநாடி தாமதித்தார். "சீட்டுக்கடியில."

"சீட்டுக்கடியிலயா?"

"ஆமாம்மா."

"நான் அங்க வெக்கலையே."

கிளாரன்ஸ் தரையைப் பார்த்தான். சிவப்புச் சிமெண்ட். கோலத்தின் ஓரம் கால் பட்டு அழிந்திருந்தது.

"உக்கார்ற இடத்துக்கு அடியில சாமி காசை வெப்பேனா? அது அபசாரமில்லையோ? உள்ளே வெச்சுத் தைச்சேனே, என் கையால. அதுவா எழுந்து நடந்து சீட்டுக்கடியில போச்சா?" அவள் பார்வை சுந்தரேசனை விட்டுக் கிளாரன்ஸிடம் வந்தது. "நீ வண்டி ஓட்டறவனோ?"

"ஆமாம்மா."

"காரும் ஓட்டுவியோ?"

"ஓட்டுவேம்மா."

அவள் இடது கையை நிமிர்த்தி, உள்ளங்கை அவனைப் பார்க்கப் பிடித்தாள். "இது முன்னால இருக்கற அந்தச் சாய்வுப் பலகைன்னு வெச்சுக்கோ. பெடலைக் காலால அமுக்கினா எதுவரைக்கும் போகும்? கையால காமி."

எது சொன்னாலும் அது அங்கே போய்த்தான் நிற்கும் என்று கிளாரன்ஸுக்குத் தெரிந்தது. முஷ்டியை மடக்கி, அவள் உள்ளங்கையை நோக்கி மெல்லக் கொண்டுபோனான். தொடுவதற்கு ஒரு அங்குலம் இருக்கும்போது நிறுத்திவிட்டான்.

அவள் காத்திருந்தாள். அவன் நகர்த்தவில்லை. அந்தக் கடைசி அங்குலத்தை அவளே நகர்த்தினாள். உள்ளங்கை வந்து அவன் முஷ்டியில் பட்டது. ஈரமாக, பூ வாசனையோடு.

"என் கை தப்புதாம்மா!"

வாசற்படியிலிருந்து பெர்னார்ட் உள்ளே வந்துவிட்டிருந்தார். குரல் அவருடையதாகவே இல்லை. "நான்தாம்மா கிளட்சைச் சரியாப் போடல. அவசர அவசரமா முடிச்சேன். இந்தக் காசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சார்கிட்டக்கூட அதான் சொன்னேன். கேளுங்க. சொல்லுங்க சார்!"

ஒரு நாளில் இரண்டாவது பொய்க்குச் சுந்தரேசனிடம் பலம் இல்லை.

ராஜலக்ஷ்மி அம்மாள் பெர்னார்டை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நரைத்த தலையை, அடுப்புக் கரி ஏறிய விரல்களை. பிள்ளை போனபிறகு இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒரு மனுஷராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கோர்ட்டுல இல்லைன்னே. எங்காத்துக்காரர் காலைப் பிடிச்சுண்டு இல்லைன்னே. ஊரே காறித் துப்பினப்போகூட என் கை தப்பு இல்லைன்னுதான் நின்னே." குரல் உயரவேயில்லை. "இன்னிக்கு ஏன் பெர்னார்ட் ஆமாங்கறே?"

"அம்மா..."

"உக்காரு. நிக்காதே."

பெர்னார்ட் அங்கேயே, வெறும் தரையில் உட்கார்ந்தார். அவள் பூத்தட்டை ஒதுக்கினாள். மஞ்சள் முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கனம் பார்க்கிற மாதிரி லேசாகத் தூக்கிப் பார்த்தாள். தெருவில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

பிறகு அவள் கேட்டாள். கிளாரன்ஸையா, சுந்தரேசனையா, பெர்னார்டையா, சுவரில் கண்ணை இடுக்கிச் சிரிக்கிறவனையா என்று தெரியவில்லை.

"நான் வேண்டிக்காமலே இருந்திருந்தா, அவன் ஆத்துக்கு வந்திருப்பானோ?"